கட்டாயமில்லை என்றால் தேவையில்லை என்று அர்த்தமா? டிஎன்எஸ் வாங்கும்போது செய்யும் தவறுகள்

சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், போன தீபாவளி வியாபாரத்துக்குச் சற்று முன் தன் .எஸ்ஜி டொமைனுக்கு (சிங்கப்பூருக்கான இணையப் பெயர்) டிஎன்எஸ் நிறுவனத்தை, அதாவது அந்தப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவையை, மாற்றினார். கடைக் கணினியில் தளம் திறந்தது. அண்ணியின் கைப்பேசியில் திறக்கவே இல்லை.

பழைய நிறுவனம் டிஎன்எஸ்செக் கையொப்பம் போட்டிருந்தது; டிஎன்எஸ் பதில் போலியல்ல என்று காட்டும் மின்முத்திரை அது. புதிய இடத்தில் அந்த வசதியே கிடையாது. ஆனால் "இந்த டொமைனுக்குக் கையொப்பம் உண்டு" என்று சொல்லும் டிஎஸ் பதிவு, .எஸ்ஜி பெயர்களை நிர்வகிக்கும் பதிவகத்தில் அப்படியே கிடந்தது. நமக்காக முகவரியைத் தேடித் தரும் சர்வர்களை ரிசால்வர் என்பார்கள். கையொப்பத்தைச் சோதிக்கும் 8.8.8.8, 1.1.1.1 போன்ற ரிசால்வர்கள் பதிலை நம்பாமல் பிழை காட்டின. சோதிக்காதவை வாங்கிக்கொண்டன. புதிய நிறுவனத்திடம் கேட்டால், "அது கட்டாயமில்லாத தரம்" என்றார்கள்.

அந்தப் பதிலோடு திருப்திப்படுவதுதான் முதல் தவறு. இணையத் தொழில்நுட்ப விதிகளை எழுதிவைக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119, 'மஸ்ட்' (கட்டாயம்), 'ஷுட்' (பரிந்துரை), 'மே' (விருப்பம்) என்ற சொற்களுக்குத் தனித்தனிப் பொருள் வைத்திருக்கிறது. 'ஷுட்' என்றிருப்பதை விடலாம்தான். ஆனால் தகுந்த காரணம் வேண்டும், விளைவையும் எடைபோட்டிருக்க வேண்டும். டிஎன்எஸ்செக்கை யாரும் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் 2023இல் வந்த ஆர்எஃப்சி 9364 அதை இன்றைய நல்ல நடைமுறை என்றே சொல்கிறது. பத்து டொமைன் வைத்திருக்கும் சின்ன நிறுவனம் அதை விட்டால் பாதிப்பு பத்துப் பேரோடு நிற்கும். லட்சக்கணக்கில் வைத்திருக்கும் நிறுவனம் விட்டால், அத்தனை வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து அதுவே முடிவு செய்துவிடுகிறது. அதனால் பெரிய நிறுவனத்திடம் காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், கட்டாயமில்லாத வசதிகள் எல்லாமே வேண்டும் என்று கேட்பதும் தவறுதான். இடிஎன்எஸ் கிளையன்ட் சப்நெட் என்று ஒரு விருப்ப வசதி இருக்கிறது. பயனரின் ஐபி முகவரியில் ஒரு பகுதியை அது அடுத்த சர்வருக்கு அனுப்பிவிடும். அந்தரங்கம் கருதி கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 அதை அனுப்புவதில்லை. காரணத்தோடு மறுப்பது இப்படித்தான் இருக்கும்.

சிஏஏ பதிவையும் மறக்காதீர்கள். உங்கள் டொமைனுக்கு யார் பாதுகாப்புச் சான்றிதழ் (எச்டிடிபிஎஸ்) வழங்கலாம் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் பதிவு அது. 2017 செப்டம்பர் முதல் சான்றிதழ் வழங்குவோர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அதற்காக அவர்கள் கேட்கும்போது உங்கள் டிஎன்எஸ் ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால், சான்றிதழ் கிடைப்பதே சிக்கலாகலாம்.

நிறுவனம் மாறும்போது வரிசை முக்கியம். புதிய இடம் கையொப்பம் போடாது என்றால், முதலில் ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தந்த நிறுவனம்) மூலம் டிஎஸ் பதிவை நீக்குங்கள். அதன் டிடிஎல் நேரம், அதாவது ரிசால்வர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம், முழுதும் கழியட்டும். பிறகுதான் நேம்சர்வரை (டொமைனுக்கான டிஎன்எஸ் பதில்களைத் தரும் சர்வர்) புதிய நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும். அண்ணன் நேம்சர்வரை முதலில் மாற்றிவிட்டார். டிஎஸ்ஸை நீக்கிய மறுநாள் மதியம்தான் அண்ணியின் கைப்பேசியில் புடவைப் படங்கள் தெரிந்தன.