சர்வரில் கூடுதல் கார்டு பொருத்துமுன்: கடலோர அலுவலகங்களுக்கு

சர்வரின் மூடியைக் கழற்றுமுன், கார்டுகளைச் செருகும் ஸ்லாட்டுகளைப் பற்றி அதன் கையேட்டிலுள்ள அட்டவணையை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்லாட்டின் நீளத்தை நம்பக் கூடாது. எக்ஸ்16 நீளத்தில், அதாவது பதினாறு லேன்களுக்கான (தரவு செல்லும் பாதைகள்) நீளத்தில் இருக்கும் ஸ்லாட்டுக்குள் எட்டு லேன்களோ நான்கு லேன்களோ மட்டும் இணைக்கப்பட்டிருப்பது சாதாரணம்.

நீளத்தைவிட முக்கியமானது, அந்த ஸ்லாட் எந்த பிராசஸரைச் சார்ந்தது என்பது. மண்டபத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில், புதிய நெட்வொர்க் கார்டு பழுது என்று முடிவுகட்டி, திருப்பியனுப்பப் பெட்டியில் போட்டு ஒட்டியும் விட்டிருந்தார்கள். கார்டு நன்றாகவே இருந்தது. இரண்டு பிராசஸர்களுக்கு இடமுள்ள அந்த சர்வரை ஒன்றோடு வாங்கியிருந்ததால், இரண்டாவது சாக்கெட்டில் பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது. கார்டைச் செருகியிருந்த ரைசரோ (ஸ்லாட்டுகளைத் தாங்கும் துணைப் பலகை) அந்தச் சாக்கெட்டிலிருந்து லேன்களைப் பெறுவது.

அடுத்தது கணக்கு. கார்டுகளைச் சர்வரோடு இணைக்கும் பிசிஐஇ முறையின் 3.0 தலைமுறையில் ஒரு லேன் ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 985 மெகாபைட் கடத்தும். இரண்டு 10 கிகாபிட் போர்ட்டுகள் உள்ள கார்டுக்கு ஒரு திசையில் நொடிக்கு 2.5 கிகாபைட் (எட்டு பிட் ஒரு பைட்) தேவை என்பதால், எட்டு லேன் கார்டாக இருந்தாலும், கார்டு உள்ளே நுழையும் அளவுக்கு நீளமுள்ள நான்கு லேன் ஸ்லாட்டே அதற்குப் போதும். லேன்கள் அதிகமுள்ள அகலமான ஸ்லாட்டை, பல டிஸ்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கார்டுக்கோ, நான்கு என்விஎம்இ டிரைவுகளை (பிசிஐஇ வழியே இயங்கும் வேகமான சேமிப்பகங்கள்) தாங்கும் கார்டுக்கோ ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம். பின்னதில் லேன்களைப் பகிர்ந்தளிக்கும் தனி ஸ்விட்ச் சிப் இல்லையென்றால், சர்வரின் தொடக்க அமைப்புத் திரையான பயாஸில் அந்த ஸ்லாட்டை நான்கு நான்கு லேன்களாகப் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் ஒரே ஒரு டிரைவ்தான் தெரியும். ரெய்டு கார்டுக்கு, கேபிள் டிஸ்க் வரிசை வரை எட்டுகிறதா என்பதையும் முன்பே அளந்து பார்க்க வேண்டும்.

கார்டு தெரிந்தும் வேகம் குறைந்தால், லினக்ஸில் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை (lspci -vv) ரூட், அதாவது நிர்வாகி உரிமையோடு இயக்கி, கார்டு தாங்கும் லேன் எண்ணிக்கையையும் இப்போது கிடைத்திருக்கும் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். கார்டு எட்டு என்று சொல்ல, கிடைத்தது நான்கு என்றால், எழுதி வைத்த தாளைப் பாருங்கள். ஸ்லாட்டே நான்குதான் என்றால் குற்றமில்லை. அட்டவணையில் எட்டு என்றிருந்தால், தொடர்பு சரியாகப் படியவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நம் கரையில் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் உப்பில் போய் முடிகிறது. தங்கம் துருப்பிடிக்காது என்றாலும், கார்டின் விளிம்பிலுள்ள மெல்லிய முலாமின் நுண்துளைகள் வழியே ஈரமும் உப்பும் இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரிக்கின்றன. சாய்த்துப் பிடித்தால் சில முனைகள் மங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு பவர் கேபிள்களையும் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி, மணிக்கட்டில் நிலைமின் பட்டை கட்டிக்கொண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால் முனைகளை நீளவாக்கில் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் செருக வேண்டும். பள்ளிப்பிள்ளைகளின் ரப்பரால் தேய்க்கும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. மிச்சமிருக்கும் முலாமும் அதில் போய்விடும்.

காலியான ஸ்லாட்டுகளின் பின்தகடுகளைத் திரும்ப மாட்டுவது அவசியம். இல்லையென்றால் காற்றோட்டம் திசைமாறிக் கார்டுகள் சூடாகும், நிறுத்திவைத்த நாளில் பல்லியும் குடியேறும். கடைசியாக, எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு என்பதை மூடியின் உட்புறத்தில் அழியாத மார்க்கரால் எழுதுங்கள். ஒட்டிய தாள் ஐப்பசி ஈரத்துக்குத் தாங்காது.