தீயணைப்புக் குழாயும் குடிநீர்க் குழாயும்: வருடாந்தப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஹோட்டலோ கடைத்தொகுதியோ தேயிலைத் தொழிற்சாலையோ நடத்துபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தீயணைப்புக் கருவிகளைப் பார்க்க ஆள் கூப்பிடுவார்கள். தண்ணீர் லைன் பார்க்க வேறொரு ஆள், வேறொரு நாள். முதல் தவறே இங்குதான். பல கட்டடங்களில் இரண்டும் ஒரே மெயின் லைனிலிருந்துதான் பிரிகின்றன. ஹோஸ் ரீல், ஸ்பிரிங்க்ளர் குழாய்களில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் தண்ணீர் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், வடிகால் வால்வைத் திறந்து ஒரு வெள்ளை வாளியில் பிடியுங்கள். முதலில் கறுப்பாக வரும், அப்புறம் துரு நிறம், கூடவே அழுகிய நாற்றம். அந்தத் தண்ணீர் சமையலறைக் குழாய்க்கு வராமல் தடுப்பது பின்னோட்டத் தடுப்பு வால்வு ஒன்றுதான்.

தண்ணீர் திரும்பி ஓடுமா என்று கேட்பவர்கள் உண்டு. மலைநாட்டில் சமவெளியைவிட லேசாகவே ஓடும். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் குறையும். பஜாரைவிட 30 மீற்றர் மேலே இருக்கும் ஹோட்டலுக்கு வந்து சேரும்போது 3 பார் போய்விட்டிருக்கும். கீழே மண் சரிந்து மெயின் பைப் உடைந்தால், மேலே குழாய்க்குள் இருப்பதெல்லாம் சரிவில் இறங்கி ஓடும். ஓடும்போது பின்னால் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு போகும். துணி ஊறவைத்த வாளிக்குள் கிடக்கும் ஹோஸ், பூந்தோட்டத்தில் உரம் கலந்த பீப்பாய்க்குள் விட்ட குழாய் எல்லாமே அந்த நேரத்தில் உறிஞ்சு குழாய்கள்தான். மறுபக்கம், தீயணைப்புப் பம்ப் ஓடும்போது உள்ளே அழுத்தம் கூடி, தண்ணீரை வெளியே தள்ளவும் செய்யும்.

1969இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் நடந்ததை இந்தத் துறையில் இன்றும் பாடமாகச் சொல்வார்கள். அருகில் ஒரு வீடு தீப்பிடித்து, தீயணைப்பு வண்டிகள் தண்ணீர் எடுத்தபோது மெயின் லைனில் அழுத்தம் விழுந்தது. ஹோலி குரோஸ் கல்லூரி விளையாட்டு மைதானத்தில் தரைக்கடியில் இருந்த தண்ணீர்க் குழாய் வாயில் தேங்கிக் கிடந்த அழுக்குத் தண்ணீர் குடிநீர் லைனுக்குள் இழுபட்டது. அமெரிக்கக் கால்பந்து அணியில் பெரும்பாலானோருக்கு ஈரல் அழற்சித் தொற்று ஏற்பட்டு, அந்த வருடத்தின் மீதிப் போட்டிகளே நின்றுபோயின. தீ எங்கோ எரிந்தது, நோய் வேறெங்கோ வந்தது.

நம் பக்கத்தில் அடிக்கடி காணும் ஆபத்து இன்னும் எளிமையானது. சபையின் குழாய்த் தண்ணீரும் மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரும் ஒரே லைனில் சேர்ந்திருக்கும், நடுவில் ஒரு கேட் வால்வு மட்டும். “சபைத் தண்ணி நின்னா இதைத் திறப்போம்” என்பார்கள். வால்வின் உள்தகடு தேய்ந்தாலோ யாராவது மூட மறந்தாலோ, குளோரின் போடாத ஊற்றுத் தண்ணீர் ஊர் லைனுக்குள் போகும். இதற்கு எந்த வால்வும் சரியான விடையல்ல. இரண்டையும் தனித்தனியாக ஒரு தாங்கிக்குள் மேலிருந்து விழவிடுங்கள். குழாய் வாய்க்கும் தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் இடையே குழாய் விட்டத்தின் இரு மடங்கு இடைவெளி, எப்படியும் 25 மில்லிமீற்றருக்குக் குறையாமல், இருக்க வேண்டும். செலவு குறைவு, பழுதாக ஒன்றுமில்லை.

வால்வு இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு இருக்கிறது என்று நினைப்பது அடுத்த தவறு. தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் ஓடவிடும் சாதாரண செக் வால்வில் சோதனை முனைகள் இருக்காது. அது பிடிக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. இரட்டைச் செக் வால்வுத் தொகுதியிலும், இரண்டு செக்குகளுக்கு நடுவில் வடிகால் வால்வு உள்ள குறை அழுத்த (RPZ) வகைத் தொகுதியிலும் நான்கு சிறு முனைகள் இருக்கும். சோதனைக்காரர் அவற்றில் அழுத்த வித்தியாசம் காட்டும் மானியைப் பூட்டிப் பார்க்க வேண்டும். இரட்டை வகையில் ஒவ்வொரு செக்கும் குறைந்தது 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல் என்ற அழுத்த அளவு) வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். மற்ற வகையில் வித்தியாசம் 2 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்குமுன் அடிப்பக்க வடிகால் திறக்க வேண்டும். ஆகவே அறிக்கையில் “சரி” என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள், எண்களைக் கேளுங்கள். மழை வந்தால் நிரம்பும் குழிக்குள் அந்த வடிகால் வால்வைப் பொருத்தியிருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள். குழித் தண்ணீரில் மூழ்கிய வால்வு, அந்தத் தண்ணீரையே உள்ளே எடுக்கும்.

புதிதாக வால்வு போட்டபிறகு கீசர் பக்கம் ஒழுக ஆரம்பிக்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சூடாகிப் பெருகும் தண்ணீர் முன்பு மெயினுக்குத் திரும்பிப் போனது, இப்போது போக வழியில்லை. விரிவுத் தாங்கி ஒன்று வேண்டும். பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறது என்று அதை அடைத்துவிடுவது மட்டும் உயிர்போகும் காரியம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தரும் தவறு, சோதனை முடிந்தபிறகு நடப்பது. பின்னோட்டச் சோதனைக்காகத் தீயணைப்பு லைனை மூடுவார்கள், அப்புறம் திறக்க மறப்பார்கள், அல்லது பாதி திறப்பார்கள். சான்றிதழ் சுவரில் தொங்கும். ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் வராது. சோதனைக்கு முன்னும் பின்னும் பிரதான வடிகாலை முழுக்கத் திறந்து, ஓடும்போது மானி காட்டும் அழுத்தத்தை எழுதி வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு வால்வு மூடியிருக்கலாம். ஆள் கையெழுத்துப் போட்டுப் போகுமுன் இதைச் செய்ய வேண்டும்.

தீயணைப்புப் பக்கத்தில் புகை உணரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் அலாரம் அடிக்கும். விருந்தினர் எழுந்து ஓடுவார்கள். மறுநாள் ஊழியர் ஒருவர் உணரிக்குப் பொலித்தீன் உறை மாட்டிவிடுவார், அல்லது அலாரப் பெனலில் அந்தப் பகுதியையே நிறுத்திவிடுவார். அவர் மேல் குற்றமில்லை, உணரி இருக்கும் இடம்தான் தவறு. வாசலுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி மாற்றுங்கள்; சமையலறையில் வெப்ப உணரி போடுங்கள். சோதிக்கும்போது ஊதுவத்தி காட்டாமல் அதற்கான புகை ஸ்பிரேயால் சோதியுங்கள். மெயின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெனல் பேட்டரியில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். குளிரில் பேட்டரியின் திறன் இறங்கும்.

பவுடர் வகைத் தீயணைப்பானில் அழுத்தமானி முள் பச்சையில் நின்றாலும் உள்ளே பவுடர் அடியில் இறுகிக் கிடக்கலாம். தலைகீழாகப் பிடித்தால் அது நகர்வது கையில் தெரிய வேண்டும். கார்பன் டையொக்சைட் வகைக்கு முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்ப அனுப்புங்கள். ஈரத் தரையில் வைத்தால் அடிப்பாகம் துருப்பிடிக்கும், சுவரில் மாட்டுங்கள்.

தீயணைப்புப் பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துவது வாராந்த வேலை, அது வருடாந்தச் சோதனையாகாது. தண்ணீரை உண்மையாக வெளியே ஓடவிட்டு, குறிக்கப்பட்ட ஓட்டத்தின் 150 சதவீதத்தில், குறிக்கப்பட்ட அழுத்தத்தின் 65 சதவீதமாவது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹோஸ் ரீலையும் முழு நீளத்துக்கு இழுத்து, கடைசி அறைவரை எட்டுகிறதா என்று பாருங்கள்.

எப்போது செய்வது? நுவரெலியா, ஹட்டன் பக்கத்தவர்களுக்கு ஜனவரி கடைசியிலிருந்து பெப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல் சீசனுக்கு ஆட்கள் வருமுன் பழுதுபார்க்க நேரம் இருக்கும். மழை குறைந்து லைனில் அழுத்தமும் இறங்கியிருப்பதால், பலவீனமான வால்வு அப்போதே தெரிந்துவிடும். அதே வாரத்தில் உங்கள் பகுதித் தீயணைப்புப் பிரிவைக் கூப்பிட்டு, அவர்களுடைய வண்டி உங்கள் வாசல் வளைவில் திரும்புமா என்று காட்டிவிடுங்கள்.