எது பிடிக்கும் என்று கேட்டால் தப்பான பதில்தான் வரும்

"எதுல உங்களுக்கு சந்தோஷம்?" என்று திருநெல்வேலிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். குற்றாலச் சாரல், ஆனித் தேரோட்டம், இருட்டுக்கடை அல்வா என்று சட்டெனப் பதில் வரும். ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் தேர் வருஷத்துக்கு ஒருமுறை, சாரல் சில வாரம். மிச்சமிருக்கிற செவ்வாய், புதன்களை யார் கணக்கில் எடுப்பது? பெரிய நாட்களை மட்டும் எண்ணுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, ஞாபகத்தை நம்பிப் பட்டியல் போடுவது. 2004-ல் உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர், டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளைத் துண்டு துண்டாக எழுதச் சொல்லி, ஒவ்வொன்றிலும் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நண்பர்களோடு இருந்த நேரம் மேலே வந்தது. வேலைக்குப் போய்வரும் பயணம் அடியில் கிடந்தது. பிள்ளைகளைக் கவனித்த நேரம் சமையலுக்கும் கீழே! பொதுவாகக் கேட்டிருந்தால் எந்தத் தாய் அப்படிச் சொல்வாள்? நீங்களும் ஒரு வாரம் இதைச் செய்யலாம். வாசல் தெளித்தது, பஸ்ஸில் போனது, டீக்கடையில் நின்றது என்று முந்தைய நாளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, பக்கத்தில் ஐந்துக்கு எத்தனை மார்க் என்று போட்டால் போதும். எது பிடிக்க வேண்டுமோ அதற்கு மார்க் போடாதீர்கள், நிஜமாகவே எப்படி இருந்ததோ அதற்குப் போடுங்கள்.

பலரும் கோட்டை விடுகிற இடம் இதற்கப்புறம்தான். ஒரு வேலையில் எந்தப் பகுதி இனித்தது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைக்குத் தினமும் குளிக்க வருகிற கடைக்காரர் ஒருவரை, ஆறு கலங்கி ஓடிய ஐப்பசியில் ஒருநாள் படித்துறையில் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி, இந்தத் தண்ணியிலயா குளிக்கப் போறிய?"

"வீட்லயே குளிச்சாச்சு வே. இவங்ககிட்ட நாலு வார்த்தை பேசாம கடையத் தொறந்தா பொழுது ஓடாது."

வருஷக்கணக்காக அவர் ஆற்றுக்குளியல் என்று சொல்லிவந்த சுகத்தில் பாதி, இந்தப் பேச்சுதான். அது தெரிந்துவிட்டால் வெள்ளம் வந்தாலும் கவலையில்லை, அந்தப் பேச்சை டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம். இன்னொருவருக்கு நடந்து வருவதே போதுமாக இருக்கும். அவருக்குப் படித்துறை அரட்டை தொந்தரவு.

தனியாக இருப்பதில்தான் சுகம் என்று நோட்டு சொன்னால் அதையும் ஒத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒருவர் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் "உடம்புக்கு முடியலையா?" என்று விசாரிப்பார்கள், அது வேறு விஷயம். அடுத்த வீட்டு மதினி மாடித்தோட்டம் போட்டார் என்பதற்காக நீங்களும் மண்தொட்டி வாங்க வேண்டியதில்லை.

கைபேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது களைப்பு மறக்கும். அதற்கு மார்க் போடுவதாக இருந்தால், கீழே வைத்து எழுந்த பிறகு போடுங்கள்.

"மனசு சரியானதும் ஆரம்பிக்கலாம்" என்று தள்ளிப்போடுவது கடைசித் தவறு. மனச்சோர்வுக்கான சிகிச்சை முறை ஒன்றில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சின்ன வேலை ஒன்றை நேரம் குறித்து முதலில் செய்ய வைப்பார்கள், மனநிலை பின்னால் வரும். ஆனால் முன்பு பிடித்தது எதுவுமே இரண்டு வாரமாக ருசிக்கவில்லை என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.