லீ-என்ஃபீல்டின் மேல் உள்ள குறிகள்: எங்கே தவறுகிறோம்?

பிரிட்டிஷ் படையின் பழைய .303 ரைஃபிளான லீ-என்ஃபீல்டைக் கையில் எடுத்ததும், முதலில் கண்ணில் படும் ஆண்டை அதன் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. பின்கட்டை செருகும் இரும்பு வளையத்தின் வலப்பக்கம், கிரீடத்துக்கும் தொழிற்சாலைப் பெயருக்கும் கீழே உள்ள ஆண்டு, குழல் பொருத்தப்பட்டிருக்கும் உடற்பாகத்துக்கு மட்டுமே உரியது. தேய்ந்த குழலைப் படையில் மாற்றிவிடுவார்கள். குழலுக்கு அதன் ஆண்டு தனியாக, அடிப்பகுதியின் இடப்பக்கம் '18 என்பது போல இரண்டே இலக்கத்தில் இருக்கும். உடல், குழல், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கைப்பிடியின் பின்புறம் மூன்றிலும் வரிசை எண் ஒன்றா என்று பாருங்கள். போல்ட் எண் மட்டும் வேறாக இருந்தால், போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை கேஜ் வைத்துச் சோதிக்காமல் சுடக் கூடாது.

ஒரே குறி இடம் மாறினால் பொருளும் மாறும். வளையத்தில் ரைஃபிளின் வகை எண்ணான III-க்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால், மேகசினை (தோட்டாப் பெட்டியை) அடைக்கும் தகட்டை விட்டுவிட்டு 1916-ல் எளிமையாக்கிய வகை அது. அதே நட்சத்திரம் குழலின் அடிப்பகுதியில் தனியாக இருந்தால் குழலுக்கு உள்ளே துரு அரித்திருக்கிறது என்று பொருள். இதைச் சிறப்புத் தரம் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு!

கோழிக்கால் போன்ற அம்புக்குறி தொழிற்சாலையின் முத்திரை அல்ல. பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான அடையாளம். அம்புக்கு அடியில் 'ஐ' இருந்தால் இந்தியா, 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் படையிலிருந்து விற்றுக் கழித்தது. 'டி.பி.' என்றிருந்தால் பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும். அதைச் சுடவே கூடாது.

குழலில் '18.5 டன்', '2.222' என்று கண்டால் ராணுவ ரகசிய எண் என்று தேட வேண்டாம். படையை விட்டு வெளியே விற்றபோது பிரிட்டனின் சோதனைக் கூடம் அடித்தவை அவை: முன்னது சதுர அங்குலத்துக்கான அழுத்தம், பின்னது தோட்டா உறையின் நீளம், அங்குலத்தில்.

இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த ரைஃபிளில் உள்ள ஜி.ஆர்.ஐ. அரசர் ஜார்ஜின் பட்டம். 2ஏ, 2ஏ1 என்ற வகைப் பெயரைக் கண்டால் அது 1960-களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கென்றே புதிதாகச் செய்தது, .303-ஐ மாற்றியது அல்ல. இரண்டு தோட்டாக்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது.

மங்கிய குறியைப் படிக்கும் முன் மேகசினும் குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறையும் காலிதானா என்று பாருங்கள். பிறகு மெல்லிய எண்ணெயும் பழைய பல் துலக்கியும் போதும். உப்புத்தாள் வேண்டாம், ஆழமில்லாத முத்திரை இரண்டே தேய்ப்பில் போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து வெள்ளையாய் நிற்கும்.