12 வோல்ட் பேட்டரியில் கேரம் போர்டு விளக்கு: எல்இடிக்குச் சரியான ரெசிஸ்டர் போடுவது எப்படி?

ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ தெருமுனை கிளப்பில் ஆட்டம் சூடு பிடிக்கும்போதுதான் கரண்ட் போகும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் யூபிஎஸ் பேட்டரி ஒன்று இருந்தால் போர்டுக்கு மேலே தொங்கவிட நல்ல விளக்கு செய்துவிடலாம். ஆனால் ரெசிஸ்டர் கணக்கைத் தப்பாகப் போட்டால் சில வாரங்களில் எல்இடிகள் ஒவ்வொன்றாக மங்கும்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். எல்இடிக்குக் கொடுக்க வேண்டியது அளவான மின்னோட்டம். 5 மிமீ வெள்ளை எல்இடி 20 மில்லி ஆம்பியரில் எரியும்போது அதன் இரு கால்களுக்கிடையே சுமார் 3.2 வோல்ட் நிற்கும். அந்த வோல்ட் கொஞ்சம் ஏறினாலே மின்னோட்டம் இரண்டு மூன்று மடங்கு எகிறும். அந்தத் துள்ளலை அடக்கத்தான் ரெசிஸ்டர்.

கணக்கு எளிது: சப்ளை வோல்ட்டில் எல்இடிகளின் வோல்ட்டைக் கழித்து, மீதியை ஆம்பியரால் (20 மில்லி ஆம்பியர் என்றால் 0.02) வகுத்தால் ஓம் வரும். சப்ளை வோல்ட் எது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேட்டரி மேல் 12 என்று அச்சிட்டிருக்கும். ஆனால் முழு சார்ஜில் 12.7 இருக்கும், சார்ஜர் மாட்டியிருக்கும்போது 14.4 வரை போகும். கணக்கை 14.4-க்குத்தான் போட வேண்டும்.

மூன்று எல்இடியைத் தொடராக, அதாவது ஒன்றன் பின் ஒன்றாக மாட்டி 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 120 ஓம் வரும். நெட்டில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலும் இதுதான். சார்ஜர் மாட்டியதும் அதே வரிசையில் 40 மில்லி ஆம்பியர் ஓடும், அதாவது இரண்டு மடங்கு. 220 ஓம் போட்டால் அது 22-க்கு அடங்கும். ஆனால் பேட்டரி 11-க்கு இறங்கும்போது ஆறுதான் மிஞ்சும், வெளிச்சம் பாதி அளவுக்கும் கீழே போய்விடும். அதனால் வரிசைக்கு இரண்டு எல்இடி, ஒரு 390 ஓம் என்பதே என் தேர்வு. 14.4-ல் 20.5, 12-ல் 14, 11-ல் 12 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் கொஞ்சம் மின்சக்தி சூடாக வீணாகும்தான், இந்த அளவு விளக்குக்கு அது பெரிய விஷயமில்லை. அந்தச் சூடு அதிகபட்சம் 0.16 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும்.

வாங்க வேண்டியவை: வெள்ளை எல்இடி 24, 390 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் 12, 500 மில்லி ஆம்பியர் பியூஸும் அதன் ஹோல்டரும், சுவிட்ச், ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரைக் கவ்வும் குழாய்), சிவப்பு கறுப்பு ஒயர். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். எல்இடி கேட்கும்போது வெளிச்சம் அகலமாகப் பரவும் வகையைக் கேளுங்கள். குறுகலாக அடிக்கும் வகை போர்டில் வட்ட வட்டமாக விழும். ரெசிஸ்டரின் நிறங்களைக் கடையிலேயே பாருங்கள்: ஆரஞ்சு, வெள்ளை, பிரவுன். மூன்றாவது பட்டை சிவப்பாக இருந்தால் அது 3,900 ஓம், விளக்கு மினுக்கும், அவ்வளவுதான்.

இரண்டடிக்கு இரண்டடி சட்டம் ஒன்றில் பக்கத்துக்கு ஆறாக எல்இடிகளைப் பரப்புங்கள். எல்லாவற்றையும் நடுவில் குவித்தால் ஸ்ட்ரைக்கர் வைக்கும் கையின் நிழலே காயை மறைத்துவிடும். நீளமான கால் பிளஸ். காலை வெட்டிய பிறகு அந்த அடையாளம் போய்விடும், அப்போது விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம்தான் மைனஸ். சந்தேகம் வந்தால் 3 வோல்ட் பட்டன் செல்லில் தொட்டுப் பாருங்கள். சில மலிவு மல்டிமீட்டர்களின் டயோடு மோடில் வெள்ளை எல்இடி எரியாது.

ஒவ்வொரு வரிசையிலும் பிளஸ் ஒயரிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து முதல் எல்இடியின் பிளஸ் கால், அதன் மைனஸிலிருந்து இரண்டாவதன் பிளஸ், கடைசியாக மைனஸ் ஒயர். சால்டரிங் அயனை ஒரு காலில் மூன்று வினாடிக்கு மேல் வைக்காதீர்கள். காசிமேடு பக்கம் கடல் காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கும், அதனால் எல்லா ஜாயின்டையும் ஹீட் ஷ்ரிங்க்கால் மூடுங்கள்.

பன்னிரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் என்ன? போடக் கூடாது. எந்த இரண்டு எல்இடியும் ஒரே வோல்ட்டில் ஒரே அளவு இழுக்காது. அதிகம் இழுப்பது சூடாகும், சூடானால் இன்னும் அதிகம் இழுக்கும், கடைசியில் சாகும். அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும்.

பியூஸை பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எல்இடிக்காக அல்ல, ஒயருக்காக: லெட் ஆசிட் பேட்டரி ஷார்ட் ஆனால் மெல்லிய ஒயர் தீப்பிடிக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு வரிசைகளைச் சோதிக்க மல்டிமீட்டரை ஆம்பியரில் வைக்கவே வேண்டாம். வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனைகளையும் தொடுங்கள். பேட்டரி 12-ல் இருந்தால் 5.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் எல்இடி தலைகீழ், அல்லது ஜாயின்ட் விட்டிருக்கிறது. தலைகீழாக மாட்டியதை அப்படியே விடாதீர்கள், பொதுவாக எதிர்த்திசையில் 5 வோல்ட்தான் அதன் எல்லை. 8.8 காட்டினால் ஓர் எல்இடி உள்ளே ஷார்ட், மாற்றுங்கள்.

12 வோல்ட்டில் மொத்தம் 170 மில்லி ஆம்பியர் அளவு இழுக்கும். நல்ல பேட்டரியின் பாதிக் கொள்ளளவில் 20 மணி நேரம் எரியும். பழசு என்றால் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். பேட்டரி காலியாவதை இந்த விளக்கு காட்டிக்கொடுக்காது, 11 வோல்ட்டிலும் நன்றாகவே எரியும். அதற்கும் கீழே இறங்கவிட்டால் பேட்டரி கெடும். அதனால் எரியும்போதே அவ்வப்போது அளந்து, 11-ஐத் தொட்டதும் அணைத்து சார்ஜில் போடுங்கள்.