குவாங்சோவிலிருந்து கோலாலம்பூர் வரை: சீன விமானத்தில் முதன்முறை போகிறவர்களுக்கு

குவாங்சோவுக்கு வேலைக்கோ வியாபாரத்துக்கோ வந்து, வீடு பிடித்து, பாஸ்போர்ட்டில் குடியிருப்பு அனுமதியும் ஒட்டி வாங்கியாயிற்று என்றால் அடுத்து வருவது ஊர் நினைப்புதான். 2020-இல் நின்றுபோன இந்திய–சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் கடைசியில் மறுபடி கிளம்பின. ஆனால் முதலில் கிளம்பியவை கொல்கத்தாவுக்கும் டெல்லிக்கும். சென்னை, திருச்சி என்று போகிற நமக்கு கோலாலம்பூர் வழிதான் இன்னும் கைகொடுக்கிறது. நாலு மணி நேரப் பயணம். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைத் திருக வேண்டியதில்லை. கொழும்புக்குப் போகிறவர்களுக்கும் இந்த வழி தோதுதான்.

சீன விமானம் என்றதும் புதிதாக வந்தவர்கள் கேட்பது இரண்டு: பத்திரமா, சாப்பிட ஏதாவது கிடைக்குமா. முதல் கேள்விக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் இருக்கை மூன்றும் மூன்றுமாக நடுவில் ஒரு நடைபாதை வைத்த சாதாரண ஏர்பஸ் அல்லது போயிங்தான் வரும். விமானத்துக்குள் கழிகிற நாலு மணி நேரம்தான் இந்தப் பயணத்திலேயே சுலபமான பகுதி. சிக்கல் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது, அதனால் இந்த வழிகாட்டியும் பெரும்பாலும் தரையிலேயே நடக்கும்.

டிக்கெட்டில் தொடங்குவோம். குவாங்சோவைத் தலைமையிடமாகக் கொண்டது சைனா சதர்ன். நீல வாலில் சிவப்பு இலவம்பூ வரைந்திருக்கும். இலவம்பூதான் இந்த நகரத்தின் பூ. இதே தடத்தில் ஏர் ஏசியா போன்ற மலிவு விமானங்களும் உண்டு. விலையை மட்டும் பார்த்தால் மலிவு விமானம் குறைவாகத் தெரியும். அதோடு லக்கேஜுக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகக் கட்டுவதைக் கூட்டிப் பாருங்கள், பல நேரம் சீன விமானமே மேல். அதிலும் ஒரே தடத்தில் ஐந்தாறு கட்டண வகைகள் இருக்கும். ஒன்றில் 23 கிலோ பெட்டி இரண்டு, இன்னொன்றில் ஒன்றே ஒன்று என்று மாறும். நண்பர் இரண்டு பெட்டி கொண்டுபோனார் என்பது உங்களுக்குக் கணக்கில்லை, உங்கள் டிக்கெட்டில் அச்சாகியிருப்பதுதான் கணக்கு. கைப்பைக்கான எடையும் அதிலேயே இருக்கும், அதைச் சீன விமானங்கள் தாராளமாகக் கொடுப்பதில்லை.

குவாங்சோவின் பெரிய வணிகச் சந்தையான கான்டன் கண்காட்சி நடக்கும் ஏப்ரல் 15 முதல் மே 5 வரையும், அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரையும் விலை ஏறிவிடும். சீனப் புத்தாண்டும் அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையும் இன்னும் மோசம். தீபாவளி பெரும்பாலும் இந்தக் கண்காட்சிக் காலத்தை ஒட்டியே வந்து தொலைக்கும். ஊரில் தீபாவளி என்று முடிவு செய்தவர்கள் ஆடி பிறக்கும்போதே டிக்கெட் போட்டுவிடுவது நல்லது.

இனி பெயர். தமிழர்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும். இந்திய பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப்பெயர் கட்டம் காலியாகவே இருக்கும். சீன டிக்கெட் செயலிகளோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அங்கே ஊகமாக எதையாவது தட்டிவிட்டு, விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்தைக் கேளுங்கள். சைனா சதர்னின் எண் 95539, ஏர் சைனாவுக்கு 95583, சைனா ஈஸ்டர்னுக்கு 95530. ஆங்கிலத்திலும் பேசுவார்கள். அவர்கள் எப்படிப் போடச் சொல்கிறார்களோ அதையே கோலாலம்பூரிலிருந்து ஊருக்குப் போகிற டிக்கெட்டிலும் போடுங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் செக்-இன் பெண் இரண்டு தாளையும் மாறிமாறிப் பார்ப்பார், பின்னால் வரிசை நீளும். போர்டிங் பாஸில் உங்கள் பெயரின் வாலில் 'எம்ஆர்' என்று ஒட்டிக்கொண்டு வந்தால் மட்டும் பதற வேண்டாம். அது 'மிஸ்டர்', எல்லோருக்கும் வருவதுதான்.

சாப்பாடு

டிக்கெட் எடுத்த கையோடு சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள். புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால்தான் தனிச் சாப்பாடு ஏறும். இடைத்தரகர் செயலியில் வாங்கியிருந்தால் அங்கே ஒரு பொத்தானை அழுத்தியதோடு விடாமல், மேலே சொன்ன எண்ணுக்கு ஒருமுறை அழைத்து உறுதி செய்யுங்கள். உலகம் முழுக்க விமானங்களில் ஒரே குறியீடுகள்தான். 'ஏவிஎம்எல்' என்றால் இந்தியச் சாயலில் மசாலா போட்ட சைவம். 'விஜிஎம்எல்' என்றால் பாலும் முட்டையும்கூடச் சேராதது. 'விஓஎம்எல்' சீன முறைச் சைவம். 'எம்ஓஎம்எல்' ஹலால் சாப்பாடு. வியாபாரத்துக்கு வந்திருக்கும் காயல்பட்டினத்து, கீழக்கரைக் காக்காமார்களுக்கு இது பழக்கமான குறியீடாகவே இருக்கும்.

சைவக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏவிஎம்எல் கேட்பார்கள். என் கட்சி வேறு. குவாங்சோவில் ஏற்றுகிற சாப்பாடு குவாங்சோ சமையல்காரர் கையால் ஆனது. அவருக்குத் தெரியாத குழம்பை அவரிடம் கேட்டால், பட்டாணியும் உருளைக்கிழங்கும் மிதக்கும் மஞ்சள் தண்ணீர்தான் வரும். சீனச் சைவம் என்று கேட்டால் டோஃபுவும் காளானும் கீரையுமாக, அவர் தினமும் செய்கிற சமையல் வரும். பட்டியலில் அது இருந்தால் தைரியமாக வாங்குங்கள். திரும்பும் வழியில் கோலாலம்பூரில் ஏற்றுகிற சாப்பாட்டுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே ஏவிஎம்எல் சொன்னால் வாய்க்கு ருசியாகவே கிடைக்கும்.

எதுவும் சொல்லாமல் ஏறிவிட்டீர்கள் என்றால் தள்ளுவண்டி வரும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று கேட்பார்கள்: கோழி போட்ட சோறா, மாட்டிறைச்சி போட்ட நூடுல்ஸா. 'ஜி' கோழி, 'நியூ' மாடு, 'ஜூ' பன்றி. எந்த மிருகம் என்று சொல்லாமல் வெறும் 'ரோ' என்று மட்டும் காதில் விழுந்தால் அது பன்றி. கடைசி வரிசைக்கு வண்டி வருவதற்குள் ஒரு வகை தீர்ந்துவிடுவதும் உண்டு, ஆகவே மாடு சாப்பிடாதவர்கள் இருக்கையை முன்பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். தட்டில் கூடவே ஒரு ரொட்டி, சிறு பொட்டலத்தில் ஊறுகாய், பழத்துண்டுகள் இருக்கும். அந்த ஊறுகாயை நம் ஊறுகாய் என்று நம்பிவிட வேண்டாம்.

இத்தனைக்கும் மேல் வீட்டிலிருந்து ஒரு டப்பா புளியோதரை எடுத்துக்கொண்டால் எந்தக் கவலையும் இல்லை. பாதுகாப்புச் சோதனையில் கட்டிச்சோற்றுக்குத் தடை இல்லை. தயிர், தொக்கு, எண்ணெயில் மிதக்கும் ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேலே போனால் குப்பைத்தொட்டிக்குத்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் வெந்நீரே வரும். காலி ஃபிளாஸ்க் ஒன்று கையில் இருந்தால், சோதனை முடிந்து உள்ளே போனதும் வெந்நீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம்.

விமான நிலையத்தில்

குவாங்சோவின் பையுன் விமான நிலையத்தில் சைனா சதர்ன் கிளம்புவது இரண்டாம் முனையத்திலிருந்து. மெட்ரோ மூன்றாம் தடத்தில் விமான நிலையம் வடக்கு என்ற நிறுத்தத்தில் இறங்கினால் நேரே அங்கே போய்விடலாம். பெட்டியோடு மூன்றாம் தடத்தில் காலை நெரிசலில் ஏறுவது தண்டனை. விடிகாலையோ மதியமோ என்றால் பரவாயில்லை. 2025 அக்டோபர் 30 அன்று மூன்றாம் முனையமும் திறந்துவிட்டது. வேறு நிறுவனத்தில் போகிறீர்கள் என்றால் டிக்கெட்டில் உள்ள முனைய எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு டாக்சி ஏறுங்கள். சர்வதேச செக்-இன் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும் என்று வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

சோதனையில் சீனர்கள் விடாப்பிடி. லைட்டரும் தீப்பெட்டியும் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. பூஜைக்கென்று பெட்டிக்குள் சொருகிய தீப்பெட்டியையும் எடுக்கச் சொல்வார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி (Wh) வரை கேள்வி இல்லை, 100-க்கும் 160-க்கும் நடுவே நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் முடியாது. வழக்கமான 20,000 மில்லியாம்ப்-மணி (mAh) பவர் பேங்க் 74 வாட்-மணிதான், பிரச்சினை இல்லை. ஆனால் அளவு அச்சிட்ட எழுத்து அழிந்துபோயிருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில், சீனாவின் தரச்சான்றான '3சி' முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏற முடியாது. ஷாங்காயிலிருந்தோ ஈவூவிலிருந்தோ பறந்து வந்து குவாங்சோவில் மாறுகிறவர்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த பவர் பேங்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானத்துக்குள் அதில் போனைச் சொருகுவதும் கூடாது. அக்டோபர் 18, 2025 அன்று ஹாங்சோவிலிருந்து சியோல் போன ஏர் சைனா விமானத்தில், தலைக்கு மேலே வைத்திருந்த பையில் பேட்டரி தீப்பிடித்து விமானம் ஷாங்காயில் இறங்க வேண்டிவந்தது. பணிப்பெண்கள் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு.

தாமதம் இங்கே சகஜம். ஜூன் முதல் செப்டம்பர் வரை சூறாவளியும் இடியும். மற்ற நாள்களில் வான்வழி நெரிசல் என்பார்கள். கதவை மூடிவிட்டு ஓடுபாதையோரம் நிறுத்தி வைப்பதும் நடக்கும், அப்போது வாலில் இருக்கிற இலவம்பூவைப் பார்த்து நாம் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதனால்தான் கோலாலம்பூரில் அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டு டிக்கெட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

உள்ளே போனபின் சொல்ல அதிகமில்லை. 2018 வரை சீன விமானங்களில் போனையே அணைத்துவிட வேண்டியிருந்தது, இப்போது ஃபிளைட் மோடு போதும். திரை இல்லாத விமானமும் வரும், படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி முன்பே சேவை எல்லாம் நின்றுவிடும். குழந்தையோடு போகிறவர்கள் கழிப்பறை வேலையை அதற்குள் முடித்துவிடுங்கள்.

கோலாலம்பூரில்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2026 டிசம்பர் 31 வரை மலேசியாவில் 30 நாள் விசா தேவையில்லை. இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது, இ-விசா எடுக்க வேண்டும். இருவருமே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும், கட்டணம் இல்லை. பணம் கேட்கிற தளம் எதுவாயினும் மூடிவிடுங்கள். மேற்கொண்டு போகிற டிக்கெட்டின் அச்சுப்பிரதி கையில் இருக்கட்டும், குவாங்சோ செக்-இன்னிலேயே கேட்பார்கள்.

தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகாது. குடிநுழைவை (இமிக்ரேஷன்) கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். சீன விமானம் இறங்குவது முதல் முனையத்தில். திருச்சிக்கும் சென்னைக்கும் போகிற ஏர் ஏசியா கிளம்புவது இரண்டாம் முனையத்தில். நடந்து போகிற தூரமில்லை. ரயிலில் 3 நிமிடம், 2 ரிங்கிட். இலவசப் பேருந்தும் ஓடுகிறது. பாத்திக் ஏர் என்றால் முதல் முனையத்திலேயே வேலை முடிந்துவிடும்.

திரும்பி வரும்போது சீனாவின் வருகை அட்டையும் உண்டு. 2025 நவம்பர் 20 முதல் அதையும் இணையத்தில் முன்கூட்டியே நிரப்பலாம். குடியிருப்பு அனுமதி முடியும் தேதியை ஊருக்குக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், ஊரில் இருக்கும்போது அது முடிந்துவிட்டால் புது விசா எடுத்துத்தான் வர வேண்டும்.

அம்மா கட்டிக்கொடுப்பதில் பொடி வகை, அப்பளம், வற்றல் எல்லாம் வரலாம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம், கருவாட்டுக்கு நடுவே ஒளித்த உப்புக்கண்டம் எதுவும் சுங்கத்தைத் தாண்டாது. பழம், காய், இறைச்சி, விதை, வெண்ணெய் எல்லாம் தடைப்பட்டியலில் உள்ளவை. வெண்ணெயே கூடாது என்பதால் நெய்யையும் நான் கொண்டுவருவதில்லை. கசகசா பாக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள், சீனாவில் அது போதைச் செடியின் விதை.

வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கிவிட வேண்டாம். ஹோட்டலில் தங்கினால் அவர்களே காவல்துறைப் பதிவைச் செய்துவிடுவார்கள். சொந்தமாக வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு 24 மணி நேரக் கெடு. அதே முகவரிக்குத் திரும்பி வந்தால் மறுபடி பதிய வேண்டுமா என்பதை உங்கள் வட்டாரக் காவல் நிலையத்தில், ஊருக்குப் போகும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் கூடவே எடுத்துப் போங்கள்.