வலிப்பு நோய்க்குக் கீட்டோ உணவு: தராசில் தொடங்குங்கள்

சரியாகத் தேர்ந்த 2 மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் குழந்தைக்கு வலிப்பு நிற்கவில்லையென்றால் நரம்பியல் மருத்துவரிடம் கீட்டோ உணவைப் பற்றி, அதாவது கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து மிகக் குறைந்த உணவைப் பற்றிக் கேளுங்கள். நீங்களாகத் தொடங்கவே கூடாது. கொழுப்பை எரிக்க முடியாத பிறவிக் குறைபாடு இருந்தால் இது உயிருக்கே ஆபத்து. அதற்கான ரத்தப் பரிசோதனை முதலில்.

கணக்கு இப்படி. 4:1 விகிதம் என்றால் 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்த்து 1 கிராம். நாளுக்கு 1000 கலோரி தேவையென்றால் கொழுப்பு 100 கிராம், மற்ற இரண்டும் சேர்த்து 25 கிராம். மூன்று வேளையாகப் பிரித்தால், ஒரு வேளைக்கு ஒரு முட்டை, ஏறக்குறைய 28 கிராம் நெய், 2 கிராம் மாவுச்சத்து தரும் அளவு காய். அவ்வளவுதான். கரண்டிக் கணக்கு உதவாது, கிராம் தராசு வேண்டும். தட்டில் ஒட்டிய நெய்யையும் வழித்து ஊட்டுங்கள்; அது தங்கினால் விகிதமே மாறிவிடும்.

கொழுப்பு எரியும்போது உடலில் உண்டாகும் பொருள்தான் கீட்டோன். நன்றாக இருந்த அதன் அளவு திடீரென்று குறைந்தால் முதலில் சிரப்பைப் பாருங்கள். இருமல் மருந்திலும் சர்க்கரை உண்டு. மாத்திரையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பாட்டி ஆசையாய்க் கொடுத்த ஒரு பிஸ்கட்டும் போதும்.

மலச்சிக்கல் அநேகமாக வரும். சிறுநீரகக் கல்லும் வரலாம். தண்ணீரைக் குறைக்காதீர்கள். வைட்டமின், கால்சியம் தனியாகத் தர வேண்டும். ஓயாத வாந்தி, அளவு மீறிய சோர்வு, வேக மூச்சு என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே கீட்டோ உணவு என்று சொல்லிவிடுங்கள்.

பலன் தெரிய 3 மாதம் பொறுங்கள். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான்.